பழைய லாரிக்கு எஞ்சின் மாற்றுகிறீர்களா? கேம் ஷாப்ட், டைமிங் பல்சக்கரங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

விளைச்சலைக் களத்தில் குவித்ததோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. அது வாடாமல், அழுகாமல் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். இதற்காகவே பல ஊர்களில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய லாரியை வாங்கி, வாழைத்தார், காய்கறி, வெல்லம், தேங்காய் ஆகியவற்றை ஏற்றி வருகிறார்கள். லாரி பழையதாக இருந்தாலும் சட்டமும் அச்சும் உறுதியாக இருக்கும். ஆனால் எஞ்சின் தேய்ந்து, புகை கக்கி, ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும். அந்நிலையில் வேறொரு எஞ்சினை மாற்றிப் பொருத்தலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு.

எஞ்சின் மாற்றும்போது பெரும்பாலோர் சிலிண்டரையும் பிஸ்டனையும் கிராங்க் ஷாப்டையும் நன்கு கவனிக்கிறார்கள். முன்புற மூடிக்குள் மறைந்திருக்கும் டைமிங் பல்சக்கரங்களையும் கேம் ஷாப்டையும் கவனிப்பவர் குறைவு. "பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறது, பொருந்தினால் போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு அலட்சியத்தால் புதிதாகப் போட்ட எஞ்சின் முதல் நாளே வால்வு வளைந்து நின்றுவிடலாம். வாழை வெட்டும் பருவத்தில் லாரி பட்டறையில் நின்றால் ஏற்படும் இழப்பு எவ்வளவு என்பதை நீங்களே அறிவீர்கள்.

இப்பாகங்கள் எவ்வாறு வேலை செய்கின்றன, எவற்றைச் சேர்த்து மாற்ற வேண்டும், பொருத்தியபின் எவ்வாறு சோதிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம். டிராக்டர் எஞ்சினைப் பழுது பார்ப்போருக்கும் இதில் கூறப்படுபவை பெரும்பாலும் பொருந்தும்.

எந்த வகை எஞ்சின்?

சென்னை எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1954இல் லாரி தயாரிக்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த பழைய லாரி டீசல் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் கேம் ஷாப்ட் சிலிண்டர் பிளாக்கின் உள்ளேயே இருக்கும். கேம் ஷாப்டின் மேடு டேப்பட்டைத் தூக்கும்; டேப்பட் புஷ் ராடைத் தள்ளும்; புஷ் ராடு ராக்கரை அசைக்க, வால்வு திறக்கும். டீசல் பம்பும் பல்சக்கரத்தால் ஓடும். நாம் இங்கே பேசுவது இவ்வகை எஞ்சினைப் பற்றியே.

இப்போதைய லாரி எஞ்சின்களில் டீசல் செலுத்தும் நேரத்தைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. கிராங்க் ஷாப்டும் கேம் ஷாப்டும் இருக்கும் நிலையைச் சென்சார்கள் அதற்குத் தெரிவிக்கின்றன. அத்தகைய எஞ்சினில் பாகங்களை மாற்றும் வேலையை அதற்குரிய கருவி உள்ள பட்டறையிடம் விடுவதே நலம்.

டைமிங் என்றால் என்ன?

நான்கு வீச்சு எஞ்சினில் காற்றை இழுத்தல், அழுத்துதல், எரிதல், புகையை வெளியேற்றுதல் என நான்கு வேலைகள் நடக்கின்றன. இந்த நான்கும் முடிய கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை மட்டுமே திறக்க வேண்டும். ஆகவே கேம் ஷாப்ட் ஒரு சுற்று மட்டுமே சுற்றும். இதனால்தான் கேம் ஷாப்ட் பல்சக்கரத்தில், கிராங்க் ஷாப்ட் பல்சக்கரத்தில் உள்ளதைப் போல இரு மடங்கு பற்கள் உள்ளன. கிராங்கில் 28 பல் இருந்தால் கேமில் 56 பல் இருக்கும்.

எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1000 முறை திறந்து மூடுகிறது. எட்டு மணி நேரம் ஓடினால் 4 லட்சத்து 80 ஆயிரம் முறை. ஒவ்வொரு முறையும் வால்வு திறந்திருப்பது ஏறத்தாழ ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே. இவ்வளவு விரைவாக நடக்கும் வேலையில் சிறு பிசகும் பெரிதாகும்.

ஒரு பல் தவறினால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 28 பல் உள்ள கிராங்க் பல்சக்கரம் ஒரு பல் தள்ளிப் பொருந்திவிட்டால் 360ஐ 28ஆல் வகுக்க, ஏறத்தாழ 13 டிகிரி தவறு ஏற்படுகிறது. பிஸ்டன் 120 மி.மீ. ஏறி இறங்கும் ஓர் எஞ்சினில், கிராங்க் உச்சநிலையிலிருந்து 13 டிகிரி திரும்பும்போது பிஸ்டன் ஏறத்தாழ 2 மி.மீ. இறங்கியிருக்கும்.

டீசல் எஞ்சினில் காற்றை மிகுதியாக அழுத்த வேண்டியிருப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் வால்வுக்கும் இடையே மிகக் குறைந்த இடைவெளியே விடப்பட்டிருக்கும். புகை வெளியேறி முடிந்து புதுக்காற்று நுழையத் தொடங்கும் வேளையில் இரு வால்வுகளும் சிறிதளவு திறந்தே இருக்கும். டைமிங் சரியாக இருந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று தொடாமல் விலகிச் செல்லும். ஒரு பல் தவறினால், வால்வு கூடுதலாகத் திறந்திருக்கும்போதே பிஸ்டன் மேலே வந்துவிடும். அப்போது புஷ் ராடு வளையும், வால்வு வளையும். வால்வின் தலை ஒடிந்து உள்ளே விழுந்தால் பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும் பாழாகும்.

மோதாமல் தப்பினாலும் காற்று சரியாக நிரம்பாது. எஞ்சின் கடினமாகத் துவங்கும், இழுவை குறையும், டீசல் செலவு கூடும், புகை மிகும்.

கேம் ஷாப்டைத் தேர்ந்தெடுத்தல்

சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரி பாகச் சந்தைகளில் எஞ்சின் வாங்குவோர் இரு வகையில் வாங்குகிறார்கள். ஒன்று, முழு எஞ்சின். மற்றொன்று, சிலிண்டர் பிளாக், கிராங்க், பிஸ்டன் மட்டும் கொண்ட அரை எஞ்சின். அரை எஞ்சின் வாங்கினால் பழைய எஞ்சினின் கேம் ஷாப்டையும் ஹெட்டையும் பல்சக்கரங்களையும் அதற்கு மாற்றுவது வழக்கம். தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. ஒரே பிளாக், வேறு வேலை: ஒரே வார்ப்பில் செய்த பிளாக்கை லாரிக்கும், பஸ்ஸுக்கும், ஜெனரேட்டருக்கும் பயன்படுத்துவதுண்டு. ஆனால் கேம் ஷாப்டின் மேடுகள் வேறாக இருக்கலாம். காற்று வால்வு தாமதமாக மூடும்படி அமைந்த கேம் ஷாப்ட் உயர்ந்த வேகத்துக்கு ஏற்றது. பாரம் ஏற்றி மெதுவாக ஏற்றம் ஏறும் லாரிக்குக் குறைந்த வேகத்தில் இழுவை தேவை. அதற்குக் காற்று வால்வு சற்று முன்னதாக மூடும் கேம் ஷாப்டே ஏற்றது. டர்போ உள்ள எஞ்சினுக்கும் இல்லாத எஞ்சினுக்கும் கூட கேம் ஷாப்ட் வேறுபடலாம். ஆகவே பாகத்தின் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். உருவத்தைப் பார்த்து வாங்கக் கூடாது.

2. கேம் ஷாப்டின் மற்ற வேலைகள்: சில எஞ்சின்களில் எண்ணெய்ப் பம்பை ஓட்டும் பற்கள் கேம் ஷாப்டிலேயே வெட்டப்பட்டிருக்கும். டீசலைத் தொட்டியிலிருந்து இழுக்கும் சிறு பம்புக்குத் தனி மேடு ஒன்று இருக்கும். புதிய கேம் ஷாப்டில் இவை உள்ளனவா, அதே இடத்தில் உள்ளனவா என்று பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எண்ணெய்ப் பம்பு ஓடாவிட்டால் எஞ்சின் சில நிமிடங்களிலேயே பிடித்துக்கொள்ளும்.

3. மேட்டின் தேய்மானம்: பழைய கேம் ஷாப்டைத் திரும்பப் பயன்படுத்த எண்ணினால் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். மேட்டின் முழு உயரத்திலிருந்து வட்டப் பகுதியின் குறுக்களவைக் கழித்தால் வருவதே தூக்கும் அளவு. முழு உயரம் 42.5 மி.மீ., வட்டப் பகுதி 35 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் தூக்கும் அளவு 7.5 மி.மீ. ஆறு சிலிண்டரின் காற்று வால்வு மேடுகள் ஆறும் ஒரே அளவு காட்ட வேண்டும். புகை வால்வு மேடுகளையும் அவ்வாறே ஒப்பிட வேண்டும். ஒரு மேடு மட்டும் குறைந்திருந்தாலும், முனையில் குழி விழுந்திருந்தாலும், விரலால் தடவும்போது சொரசொரப்பாக இருந்தாலும் அந்தக் கேம் ஷாப்டை ஒதுக்கிவிடுங்கள்.

4. புஷ்கள்: கேம் ஷாப்ட் உட்காரும் புஷ்கள் தேய்ந்திருந்தால் எண்ணெய் அங்கேயே கசிந்து, அழுத்தம் குறையும். பிளாக் காலியாக இருக்கும்போதே இவற்றை மாற்றிவிடுங்கள். புஷ்ஷில் உள்ள எண்ணெய்த் துளையும் பிளாக்கில் உள்ள துளையும் நேராக வர வேண்டும்.

புதிய கேம் ஷாப்டுக்குப் பழைய டேப்பட் வேண்டாம்

தட்டையான அடியுள்ள டேப்பட்டுகள் பார்வைக்குத் தட்டையாகத் தோன்றினாலும், பல எஞ்சின்களில் அவற்றின் அடிப்பகுதி மிகச் சிறிதளவு குவிந்திருக்கும். கேம் மேடும் மிகச் சிறிதளவு சாய்ந்திருக்கும். இதனால் டேப்பட் மேலும் கீழும் போகும்போது மெல்லச் சுழலவும் செய்யும். சுழல்வதால் தேய்மானம் ஓரிடத்தில் விழாமல் பரவுகிறது.

பழைய டேப்பட் தன் பழைய மேட்டுக்கு ஏற்பத் தேய்ந்து பழகியிருக்கும். அதைப் புதிய மேட்டின் மேல் வைத்தால் அது சுழலாமல் ஓரிடத்திலேயே அழுத்தி, புதிய கேம் ஷாப்டை அரித்துவிடும். ஆகவே கேம் ஷாப்ட் புதியதானால் டேப்பட்டுகள் முழுவதும் புதியனவாகவே இருக்க வேண்டும். பழைய கேம் ஷாப்டையே திரும்பப் போடுவதானால், டேப்பட்டுகளைக் கழற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். ஒரு பலகையில் பன்னிரண்டு துளையிட்டு வரிசையாகச் செருகி வைத்தால் மாறிப்போகாது.

பல்சக்கரங்களைத் தேர்ந்தெடுத்தல்

கிராங்க், கேம், டீசல் பம்பு ஆகிய பல்சக்கரங்களும் இவற்றை இணைக்கும் ஐட்லர் பல்சக்கரமும் ஒரே குடும்பம். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் தேய்ந்த பல்லோடு புதிய பல் உரசி ஓசை எழுப்பும். புதியதும் விரைவில் தேயும். செலவைச் சுருக்க வேண்டியிருந்தால், நல்ல நிலையில் உள்ள ஒரே எஞ்சினின் பல்சக்கரங்களை மொத்தமாக வாங்குவது, ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடத்தில் வாங்குவதைவிட மேலானது.

பல்லின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. பல்லின் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு பல்சக்கரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, பற்களும் துளைகளும் சாவிப்பள்ளமும் அடையாளக் குறிகளும் ஒரே இடத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். சாவிப்பள்ளத்துக்கும் குறிக்கும் உள்ள இடைவெளி வேறுபட்டால் அந்தப் பல்சக்கரம் வேறு மாடலுக்கு உரியது.

பல்சக்கரத்தைத் தண்டோடு பிடித்திருக்கும் சிறு சாவி அற்பமானது என்று எண்ண வேண்டாம். அது பாதி நசுங்கியிருந்தால், குறிகள் சரியாக இருந்தும் டைமிங் மாறிவிடும். சாவியையும், முன்புற எண்ணெய் சீலையும், மூடியின் கேஸ்கட்டையும் புதிதாகப் போடுங்கள்.

சில சிறு சரக்கு வண்டிகளில் பல்சக்கரத்துக்குப் பதில் சங்கிலியோ ரப்பர் பெல்ட்டோ இருக்கும். சங்கிலியை மாற்றும்போது அதன் இரு பல்சக்கரங்களையும் இழுப்பானையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய எஞ்சினோடு வரும் பெல்ட்டை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அறிய வழியில்லை. அதை நம்பி ஓட்டாமல் புதிதாகப் போடுங்கள்.

குறி சேர்த்தல்

முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சநிலைக்குக் கொண்டுவந்து, பல்சக்கரங்களில் உள்ள குறிகள் ஒன்றுக்கொன்று நேராக வரும்படி பொருத்த வேண்டும். பொருத்தியபின் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தால், ஐட்லர் உள்ள எஞ்சினில் குறிகள் மீண்டும் நேராக வராமல் இருப்பதைக் கண்டு பலர் திடுக்கிட்டுக் கழற்றிவிடுகிறார்கள். அது தவறன்று. கிராங்கில் 28, ஐட்லரில் 45, கேமில் 56 பல் இருப்பதாகக் கொள்வோம். எல்லாக் குறிகளும் மறுபடி ஒன்றுசேரக் கிராங்க் ஷாப்ட் 90 சுற்றுச் சுற்ற வேண்டும்.

அப்படியானால் டைமிங் சரியா என்று எப்படி அறிவது? பிளைவீலில் அல்லது முன் புல்லியில் உள்ள உச்சநிலைக் குறியைப் பாருங்கள். ஆறு சிலிண்டர் எஞ்சினில் 1-6, 2-5, 3-4 ஆகியவை சேர்ந்து ஏறி இறங்கும் சோடிகள். 6ஆம் சிலிண்டரில் புகை வால்வு மூடும் தறுவாயில், காற்று வால்வு திறக்கத் தொடங்கியிருக்கும் அந்த வேளையில், 1ஆம் சிலிண்டர் அழுத்த வீச்சின் உச்சியில் இருக்கும். அதன் இரு வால்வுகளும் மூடி, புஷ் ராடுகள் கையால் திருப்பும்படி தளர்வாக இருக்கும். உச்சநிலைக் குறியும் இந்நிலையும் ஒத்துவந்தால் கேம் ஷாப்ட் தன் இடத்தில் உள்ளது என்று கொள்ளலாம். டேப்பட் இடைவெளியை வைப்பதற்கும் இந்தச் சோடி முறையே ஏற்றது.

ஹெட்டைச் சீவியிருந்தால் எச்சரிக்கை

பழைய எஞ்சினில் ஹெட்டின் முகத்தை லேத் பட்டறையில் சீவியிருப்பார்கள். எவ்வளவு சீவினார்களோ அவ்வளவு தூரம் வால்வு பிஸ்டனை நெருங்கிவிடும். குறிகள் எல்லாம் சரியாக இருந்தும் மோதுவதற்கு இதுவே காரணமாகலாம்.

இதைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. குழந்தைகள் உருவம் செய்து விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில், வால்வுகள் வரும் இடத்தில் சிறிதளவு வையுங்கள். ஒட்டாமலிருக்க வால்வின் முகத்தில் எண்ணெய் தடவுங்கள். கேஸ்கட்டோடு ஹெட்டை முடுக்கி, டேப்பட் இடைவெளி வைத்து, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணைக் கத்தியால் வெட்டி, எவ்வளவு தடிமன் மிஞ்சியுள்ளது என்று அளந்து, தொழிற்சாலைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். மிக மெல்லியதாக இருந்தால் மேற்கொண்டு முடுக்காமல் காரணத்தைத் தேடுங்கள். சோதனைக்குப் பின் களிமண்ணைத் துளியும் விடாமல் துடைத்துவிட வேண்டும்.

முதன்முறை துவக்கும் முன்

கேம் மேடுகளிலும் டேப்பட் அடிகளிலும் எண்ணெயைத் தாராளமாகத் தடவிப் பொருத்துங்கள். நாசில்களைக் கழற்றி வைத்துவிட்டு, முன் புல்லியில் பாரைப் போட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது கட்டையாகத் தடுத்தால் வலிந்து திருப்பாதீர்கள். அந்த இடத்தில் ஏதோ ஒன்று மோதுகிறது என்று பொருள். கையால் சுற்றும்போது தடுத்தால் ஒன்றும் கெடாது. ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுற்றினால் வால்வு வளைந்துவிடும்.

டீசல் பம்பின் டைமிங்கையும் எஞ்சின் தகட்டில் அல்லது கையேட்டில் கண்டுள்ள டிகிரிப்படி வையுங்கள். டீசல் முந்திப் பாய்ந்தால் எஞ்சின் தட்டும். பிந்திப் பாய்ந்தால் வெண்புகை வரும், இழுவை குறையும், எஞ்சின் சூடேறும். பம்பு வேறு எஞ்சினிலிருந்து வந்ததானால் அதைப் பம்புப் பட்டறையில் உங்கள் எஞ்சினுக்கு உரிய அளவுக்குச் சரிசெய்யக் கேளுங்கள்.

துவக்கியவுடன் எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லையானால் உடனே நிறுத்துங்கள். புதிய கேம் ஷாப்ட் போட்ட எஞ்சினைத் தொடக்கத்தில் மிக மெதுவாக நெடுநேரம் ஓடவிட வேண்டாம். மேடுகளுக்கு எண்ணெய் நன்கு தெறிக்க நடுத்தர வேகம் தேவை. முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் டேப்பட் இடைவெளியை மீண்டும் பார்த்து, எண்ணெயையும் பில்டரையும் மாற்றுங்கள்.

பதிவுச் சான்று

லாரியின் பதிவுச் சான்றில் எஞ்சின் எண் எழுதப்பட்டுள்ளது. பதிவில் உள்ளதற்கு மாறாக வாகனத்தை மாற்றுவது பற்றி 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே எஞ்சினுக்குப் பணம் கொடுக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகி, வேண்டிய அனுமதியைப் பெற்று, புதிய எண்ணைச் சான்றில் பதிந்துகொள்ளுங்கள். விற்பவரிடம் எஞ்சின் எண் குறித்த ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. எஞ்சின் எண், மாடல், பாகங்களின் எண், பற்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். பழைய பாகத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

2. புதிய கேம் ஷாப்டுக்குப் புதிய டேப்பட்டுகளையே போடுங்கள்.

3. பல்சக்கரங்களைக் குடும்பமாகவே வாங்குங்கள், பிரித்து வாங்காதீர்கள்.

4. ஹெட்டைச் சீவியிருந்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் வைத்துப் பாருங்கள்.

5. கையால் இரண்டு சுற்றுச் சுற்றாமல் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.

வேலை மெக்கானிக்குடையதாக இருந்தாலும் பணம் உங்களுடையது. மூடியைப் பூட்டும் நாளில் நீங்களும் பட்டறைக்குச் சென்று, குறி சேர்ப்பதையும் கையால் சுற்றுவதையும் நேரில் பாருங்கள். அதற்கு அரை நாள் போதும். அந்த அரை நாள், அறுவடைப் பருவம் முழுவதும் உங்கள் லாரி நிற்காமல் ஓட உதவும்.